எண்ணெய்க் குளியல் கண்ட மகிழுந்து

சென்ற வாரம், செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய்ப் போத்தலொன்று என் மகனின் புதிய மகிழுந்துக்குள் கவிழ்ந்துவிட்டது. அவன் முகம் சுளித்தான். நானோ அந்த நறுமணத்தை ஆழ இழுத்து, பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு வெள்ளிக்கிழமைக்குப் போய்ச் சேர்ந்தேன். நண்பரே, இந்த எண்ணெயால் அன்று அவன் திருமணமே நின்றுபோக இருந்தது.

அப்போது எங்களிடம் இருந்தது ஒரு பழைய வெள்ளை மகிழுந்து. குளச்சலின் உப்புக்காற்று இரும்பைத் தின்றுவிடும் என்பதால், ஆடி பிறந்தால் வீட்டிலுள்ள கீல், கொண்டி, மிதிவண்டிச் சங்கிலி அனைத்துக்கும் எண்ணெய் பூசுவது எங்கள் வழக்கம். அவ்வாண்டு என் மைத்துனன் எண்ணெய்க் கிண்ணத்தோடு மகிழுந்தின் முன்மூடியையும் திறந்தான். பச்சிளங் குழந்தைக்குத் தேய்ப்பதுபோல ஒவ்வொரு கம்பிக்கும் தேய்த்தான். சில நாள்களில் ஓட்டுநர்முன் மஞ்சள் விளக்கொன்று எரியலாயிற்று. பொறியில் ஏதோ குறை, பார் என்பது அதன் பொருள். ஆங்கிலத்தில் ‘செக் எஞ்சின்’ எனப்படும் அதற்கு, ‘பொறிகாண் விளக்கு’ என்று நல்ல தமிழில் பெயர் சூட்டினேன். பெயர் கிடைத்த மகிழ்ச்சியிலோ என்னவோ, அது அணையவே இல்லை.

ஆவணி முதல் வெள்ளியன்று குலசேகரத்தில் மகனுக்கு நிச்சயதாம்பூலம். பத்தரைக்கு இராகுகாலம், அதற்குள் தட்டு மாற்றியாக வேண்டும்.

“இஞ்ச பாருங்க, பேய்க்கண்ணு மாதிரி முழிக்கி. நல்ல காரியத்துக்கு இதுல நான் ஏற மாட்டேன், கேட்டேளா?” என்றாள் மனைவி.

வாடகை வண்டி பிடிக்கலாமே என்றேன்.

“மாப்பிள வீட்டுக்காரவ வாடகை வண்டியிலயா போய் எறங்குவாவ?”

இரண்டு வாயிலையும் அவளே அடைத்துவிட்டாள்.

வியாழனன்று பட்டறைக்காரர் மின்கலக் கம்பியைக் கழற்றி மாட்டினார். அணைந்த விளக்கு, தெருமுனை திரும்புமுன் மீண்டும் எரிந்தது. வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த அண்டைவீட்டார் ஒரு சோதனைக் கருவியைச் செருகிப் பார்த்தார்.

“சாரே, ஆக்சிஜன் சென்சார் போச்சு.”

“உயிர்வளி உணரி,” என்று திருத்தினேன்.

“அதுவும் போச்சு சாரே.”

புதியது மாட்டினோம். விளக்கு மசியவில்லை.

வெள்ளி காலை, கறுப்பு ஒட்டுநாடாவோடு வந்தான் மைத்துனன். “அத்தான், கண்ணுல படாட்டா சகுனம் இல்லல்லா?”

மனைவியின் காதில் விழுந்துவிட்டது. பட்டுப்புடவையோடு வந்தவள், வாழ்நாளில் முதன்முறையாக முன்மூடிக்குள் தலை நீட்டி முகர்ந்தாள்.

“ஏலே, இது என்ன அவியல் மணம்? இப்பிடி எண்ணெய் வச்சா எலி வராம பின்ன ஆரு வருவா?”

அவள் விரல் காட்டிய இடத்தில் எலிப்புழுக்கை. பக்கத்தில், உணரிக்குச் செல்லும் கம்பி கடியுண்டு தொங்கிற்று. உணரியை மாற்றிய நாங்கள் எவரும் கம்பியைத் தொடர்ந்து பார்க்கவில்லை. காரியம் கெட்டது என்று நான் நிற்க, அவள் முகமோ மலர்ந்தது.

“எலி ஆருக்க வாகனம்? பிள்ளையாருக்கல்லா! வெளக்கு எரிஞ்சா எரியட்டும், ஏறுங்க எல்லாரும்.”

பழி துடைக்க விரும்பிய மைத்துனன், கம்பியை முறுக்கி இணைத்த பின்னரே ஏறுவேன் என்று அடம்பிடித்தான். நானும் கைகொடுத்தேன். இணைத்த பின்னும் அணையாத விளக்கோடுதான் போனோம். பத்தேகாலுக்குக் குலசேகரம்; கைகழுவ நேரமில்லை. தட்டு மாற்றுகையில் வெற்றிலைமேல் என் கட்டைவிரல் கரியதோர் முத்திரை பதித்தது. பெண்ணின் தந்தை, ரப்பர்த் தோட்டக்காரர், வெற்றிலையைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார்.

“வண்டியா சம்மந்தி?”

“எலி,” என்றேன்.

“எண்ணெய் தேச்சியளா?” என்றவர், தம் உள்ளங்கைகளை விரித்தார். அவையும் கறுத்திருந்தன. “எனக்க ஜீப்பு பொறவாசல்ல இன்னும் தொறந்துதான் கெடக்கு.”

அதன்பின் இராகுகாலம் வந்ததையோ போனதையோ எவரும் கவனிக்கவில்லை. இரு வீட்டு ஆண்களும் ஜீப்பைச் சுற்றி நின்றோம். உணவுக்கு மும்முறை அழைக்க நேர்ந்தது.

இன்று மகனின் வண்டி தன் நோயைத் தானே கைப்பேசிக்கு அறிவிக்கிறது. பணிமனை ஆள் வந்து ஓட்டிச் செல்கிறார். முன்மூடிக்குள் என்ன இருக்கிறதென்று எங்களில் எவருக்கும் தெரியாது. சென்ற ஆவணியில் உறவினர் வீட்டு நிச்சயமொன்றுக்குப் போயிருந்தேன். எல்லோர் கைகளும் பளிச்சென்று இருந்தன. குறித்த நேரத்தில் தட்டு மாறிற்று. பிறகு சம்பந்திகள் இருவரும், பேச ஒரு பொருளின்றி, மின்விசிறியைப் பார்த்தபடி அமர்ந்திருந்தனர்.