பார்வதம்மா சிரித்த ஞாயிற்றுக்கிழமை

ஊரிகம் தங்கச் சுரங்கத்துக் கூலி லைனில் பார்வதம்மா வீட்டு ஞாயிற்றுக்கிழமை என்றால் சும்மா இல்லை. இருபத்திரண்டு வருஷம், ஒரு வாரம்கூட விடாமல், பத்துப் பேருக்குக் குறையாமல் அந்த வாசலில் பாய் விரித்துச் சாப்பிட்டிருக்கிறார்கள். முந்தின வாரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவர்கள்கூட வெட்கமில்லாமல் வந்து உட்காருவார்கள். அவளும் வெட்கமில்லாமல் பரிமாறுவாள். அப்பேர்ப்பட்ட மகராசி முதல்முதலாக இந்த ஊருக்கு வந்தது விருந்து வைக்கவா? அட, நீங்கள் வேறே! புருஷன் காதைப் பிடித்து ஊருக்கு இழுத்துக்கொண்டு போக வந்தவள் அவள்.

அது ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றெட்டாம் வருஷம். ரயில் ஊரிகம்வரை வந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. அவள் புருஷன் தாமோதரனும் அந்த நாலு வருஷமாகத்தான் சுரங்கத்தில் பாறைக்கு டிரில் அடித்துக்கொண்டிருந்தான். குடியாத்தம் பக்கத்து ஆள். குழந்தை குட்டி இல்லை. பெண்டாட்டியைத் தன் அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு வந்தவன், வருஷம் ஒருதரம் பொங்கலுக்குப் போவான், பத்து நாள் இருப்பான், திரும்பி வந்துவிடுவான். அந்த வருஷப் பொங்கலுக்கு அதுவும் இல்லை.

"மைசூர் ராஜா சீமையில வேற குடும்பம் வச்சிருப்பான். எழுதி வச்சுக்கோ" என்றாள் ஓரகத்தி. அந்தப் புண்ணியவதிக்கு வாயைத் திறந்தால் இப்படித்தான் நல்ல வார்த்தை வரும்! அண்ணன்காரன் அதைக் கேட்டுக்கொண்டு மீசையை நீவினான்.  பார்வதம்மா ஒரு மாசம் பொறுத்தாள். மாசி பிறந்ததும் யாரிடமும் சொல்லாமல் மாற்றுப் புடவையை மூட்டை கட்டினாள். ஞாயிற்றுக்கிழமை போய் இறங்குவது, திங்கட்கிழமைக் காலை ரயிலில் அவனோடு திரும்புவது. அவன் வரவில்லை என்றால் தாலியை அவன் கையிலேயே கழற்றிக் கொடுத்துவிட்டு அப்பன் வீட்டுக்குப் போவது. இதுதான் அவள் கணக்கு. சொல்லாமல் போனால்தானே கையும் களவுமாகப் பிடிக்கலாம்!

பௌரிங்பேட்டையில் ரயில் மாறி, ஊரிகத்தில் இறங்கியபோது வெயில் ஏறியிருந்தது. இறங்கியதும் திகைத்துப் போனாள். மூங்கில் தட்டிச் சுவர், தாழ்ந்த கூரை, ஒரு கதவு. அதற்குப் பக்கத்தில் அதே தட்டி, அதே கூரை, அதே கதவு. கண் போகிற மட்டும் அப்படியே வரிசை வரிசையாகப் போனது. கடிதத்தில் எழுதியிருந்தது அவளுக்கு மனப்பாடம்: மூணாம் லைன், ஏழாம் வீடு. ஸ்டேஷன் பக்கத்திலிருந்து விரல் விட்டு எண்ணினாள். மூணு. பிறகு ஏழு.

யாரையாவது கேட்கலாம்தான். கேட்டால் "யார் வீடு?" என்பார்கள். புருஷன் பேரைச் சொல்ல வேண்டும். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் ஒருதரமும் அவள் வாயில் வராத பேர் அது. நடுத்தெருவில் நின்று சொல்வாளா? நாக்கு அழுகிவிடாதா? அதற்கு எண்ணிப் பார்ப்பதே மேல் என்று போனாள்.

அங்கேதான் தப்பு நடந்தது. சுரங்கத்துக்காரன் எதையும் கீழே இறங்குகிற குழியான ஷாப்டிலிருந்துதான் எண்ணுவான். லைனும் அப்படித்தான், வீடும் அப்படித்தான். ஸ்டேஷன் பக்கத்திலிருந்து எண்ணுகிறவர்கள் வேறு யார் வீட்டிலோதான் போய் நிற்பார்கள். இதைக் கடிதத்தில் எழுத வேண்டும் என்று ஒருத்தனுக்கும் தோன்றியதில்லை!

கதவு திறந்து கிடந்தது. உள்ளே அடுப்பில் ஆட்டுக்கறிக் குழம்பு கொதித்தது. முப்பது வயசு சொல்லத்தக்க ஒருத்தி, நெற்றியில் பொட்டில்லாமல், கழுத்து நிறைய வியர்வையோடு, சொந்த வீடு மாதிரி அதிகாரமாகக் கிண்டிக்கொண்டிருந்தாள். சுவரில் ஒரு மரச் சிலுவை. பார்வதம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. அடப்பாவி மனுஷா, குடும்பமும் வைத்தாய், வேதத்திலும் சேர்ந்தாயா?

"வாங்கக்கா, வாங்க! இன்னா வாசல்லயே நின்னுட்டீங்க? மூட்டையைக் கீழ வையுங்க" என்று அவள் சிரித்தாள். ஐடா என்று பேர். யார், எங்கிருந்து என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது அந்த லைன் வழக்கம். ஆறு நாளும் ஒருத்தன் பகல் ஷிப்டு, ஒருத்தன் ராத்திரி ஷிப்டு. பக்கத்து வீட்டுக்காரன் முகத்தையே ஞாயிற்றுக்கிழமைதான் பார்க்க முடியும். அன்றைக்கு யார் வீட்டுக்கு யார் வருவார்கள், கூட யாரை அழைத்து வருவார்கள் என்று கணக்கே கிடையாது. வந்த ஆளைச் சாப்பாட்டுக்கு முன்னால் யாரென்று கேட்பது பெரிய மரியாதைக் குறைச்சல்.

பார்வதம்மா மூட்டையை வைக்கவில்லை. "இந்த வீட்டு ஆம்பளை எங்க?" என்றாள். குரல் அவளுக்கே பயமாக இருந்தது.

"கோயில் விட்டுக் கூட்டாளிங்களோட வர்றாரு. அதோ வந்தாச்சு பாருங்க!"

பார்வதம்மா திரும்பினாள். கேட்க வேண்டியதெல்லாம் தொண்டைவரை வந்து நின்றது. வாசலில் நின்றவன் ஒல்லியாக, உயரமாக, கஞ்சிராவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இளித்தான். அவள் புருஷன் இல்லை. சுரங்கத்தில் மரம் முட்டுக் கொடுக்கிற ஏனோக். ஐடாவின் வீட்டுக்காரன்.

அவளுக்கு உயிர் வந்தது. உயிர் வந்த மறு நிமிஷமே வெட்கமும் வந்தது. ஐயோ, வீடு மாறி வந்துவிட்டோமே என்று மூட்டையோடு நழுவப் பார்த்தாள். விடுவாளா ஐடா? கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் லைனுக்கு நடுவில் விரித்திருந்த பாயில் உட்கார வைத்தாள். பதினாலு பேர் சுற்றி உட்கார்ந்தார்கள். நெல்லுச் சோறு விழுந்தது, குழம்பு விழுந்தது. பசி வேறு. விடியற்காலையில் கிளம்பியவள் ஆயிற்றே! முதல் கவளம் உள்ளே போனதும் கோபம் பாதி இறங்கிவிட்டது. எலும்பை உறிஞ்சும்போது மீதியும் ஆட்டம் கண்டது.

சாப்பிட்டுக் கை கழுவின பிறகுதான் ஐடா மெதுவாகக் கேட்டாள். "யாரைப் பார்க்க வந்தீங்கக்கா?"

"எங்க வீட்டுக்காரரை."

"பேரு?"

பார்வதம்மா தலையைக் குனிந்துகொண்டாள். பெண்களுக்கெல்லாம் புரிந்துவிட்டது. "சரி விடுங்க, ஆளு எப்படி இருப்பாரு, அதைச் சொல்லுங்க. இந்த லைன்ல எங்களுக்குத் தெரியாத ஆளே கிடையாது" என்றான் கூட்டத்தில் ஒருவனான சாம்ராஜ், மார்பைத் தட்டிக்கொண்டு.

"மாநிறம். நடுத்தர உசரம்."

"அது இங்க எல்லாரும்தான்! குணத்தைச் சொல்லுங்கம்மா."

பார்வதம்மா யோசித்தாள். ஆறு வருஷத்தில் அவன் பேசியதை எண்ணிப் பார்த்தால் ஒரு நாழிகை தேறாது. "வாயே திறக்க மாட்டாரு. யாரு இன்னா சொன்னாலும் சரிம்பாரு. நாலு பேரு கூடுற இடத்துக்கு வரமாட்டாரு, வந்தாலும் மூலையில உட்காருவாரு. சிரிச்சு நான் பார்த்ததில்ல."

கூட்டத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பாய்லர் பக்கம் ஒரு கிழவர் இருக்கிறார் என்றாள் ஒருத்தி. அவருக்கு அறுபது வயசு, காதும் கேட்காது என்றார்கள். சாம்ராஜ் மண்டையைச் சொறிந்தான். "அப்படி ஒரு ஆளு இந்த லைன்ல இல்லவே இல்லம்மா. இருந்தா இந்நேரம் நாங்க ஓட ஓட விரட்டியிருப்போமே!"

எல்லோரும் சிரித்தார்கள். பார்வதம்மாவுக்கு மட்டும் அழுகை முட்டியது. ஊரை விட்டே போய்விட்டானோ? சுரங்கத்துக்குள் எதாவது... ச்சே, நினைக்கவே கூடாது. அவள் முகம் போன போக்கைப் பார்த்து ஐடா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அழாதீங்கக்கா. இப்ப கேப்டன் வருவாரு. அவருக்குத் தெரியாத ஆளு கிடையாது. கேட்டுச் சொல்லுவாரு."

சுரங்கத்தில் கேப்டன் என்றால் பட்டாளத்துக்காரன் இல்லை. பூமிக்குக் கீழே ஷிப்டை மேய்க்கிற வெள்ளைக்காரத் துரை. துரை எதற்குக் கூலி லைனுக்கு வருகிறார் என்று பார்வதம்மாவுக்குத் தோன்றியது. கேட்கத் தைரியமில்லை. கூட்டம் அதற்குள் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தது. புது ஆள் வந்தால் கேப்டன் விஷயத்தை உடைக்கவே மாட்டார்கள், அந்தப் படவாக்கள்!

"கேப்டன் வர்றாரு! எழுந்திரு, எழுந்திரு!"

எல்லோரும் விழுந்தடித்து எழுந்து சலாம் வைத்தார்கள். பார்வதம்மா முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு கடைசியில் ஒண்டி நின்றாள். லைன் முனையிலிருந்து ஒரு உருவம் கையை வீசி வீசி வந்தது. கோட்டு இருந்தது, ஆனால் உள்பக்கம் வெளியே திருப்பிப் போட்டிருந்தது. வயிறு ஒரு முழம் முன்னால் வந்தது, அதில் தலையணையின் முனை எட்டிப் பார்த்தது. மூக்குவரை மறைக்கிற ஓலைத்தொப்பி, வாயில் பைப்புக்குப் பதிலாக ஒரு கத்திரிக்காய்க் காம்பு, முகமெல்லாம் அரிசி மாவு.

"யேய் ஏனோக்! இன்னா மேன், சுரங்கத்து லெவல்லே தண்ணி! தண்ணி ஏன் வர்து? யார் பர்மிஷன் குட்தான்?"

"தானே வருது தொரை!"

"தானே வர்தா? அதுக்கு அரை நாள் சம்பளம் கட்! மலைக்கு இன்னா வேலே? சும்மா நிக்குது! அதுக்கும் கட்!"

கூட்டம் விழுந்து புரண்டது. துரை சாம்ராஜின் சோற்றுத் தட்டைத் தூக்கி வெயிலில் காட்டி, கண்ணைச் சுருக்கி, எலும்பில் தங்கம் இருக்கிறதா என்று தேடினார். கன்னடத்தில் ஒரு திட்டு, தெலுங்கில் ஒரு திட்டு, நடுவில் "அய்யய்யோ, முதுகு பிட்ச்சுது!" என்று தலையணையைப் பிடித்துக்கொண்டார். பார்வதம்மா பல்லைக் கடித்துப் பார்த்தாள். முந்தானையை வாயில் அடைத்துப் பார்த்தாள். எதற்கும் அடங்கவில்லை. வயிறு குலுங்க, கண்ணில் தண்ணீர் வர, சத்தம் போட்டுச் சிரித்துவிட்டாள். ஓரகத்தியும் இல்லை, மீசையை நீவுகிற அண்ணன்காரனும் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள் இப்படிச் சிரித்ததில்லை. இந்த மனுஷனைக் கட்டியவள் கொடுத்து வைத்தவள் என்றுகூட நினைத்துக்கொண்டாள்.

சிரிப்புச் சத்தம் வந்த பக்கம் துரை திரும்பினார். "யார் இத்து? புத்சு கூலி? மொக்காட்டை எட்!"

அவள் சிரித்துக்கொண்டே முந்தானையை விலக்கினாள்.

துரையின் வாயிலிருந்து காம்பு விழுந்தது. நெஞ்சை நிமிர்த்தி நின்ற ஆள் நாலு விரல் குட்டையானான். தோள் குறுகியது. பார்வை மண்ணுக்குப் போனது. "நீயா" என்றான், யாருக்கும் கேட்காத குரலில்.

அந்தக் குரல் அவளுக்குத் தெரியும். ஆறு வருஷமாக "சரி" என்று மட்டும் சொன்ன குரல் அது.

"கேப்டன் வீட்டம்மாவா!" என்று ஐடா மூக்கின் மேல் விரலை வைத்தாள். கூட்டம் கப்பென்று அடங்கிவிட்டது. தாமோதரன் தொப்பியைக் கழற்றினான், தலையணையை உருவினான், தப்பு செய்து மாட்டிக்கொண்டவன்போல் எல்லாவற்றையும் கீழே வைத்தான்.

"பொங்கலுக்கு ஏன் வரல?" என்றாள் பார்வதம்மா.

மண்ணைப் பார்த்தபடியே சொன்னான். "இங்கதான் வாய் வருது பாரு. அங்க வந்து அண்ணன் முகத்தைப் பார்த்ததும் செத்துப் போவுது. ஒவ்வொரு தரமும் திரும்பி வந்தா அதுக்கு மறுபடி உயிர் வர ரெண்டு வாரம் ஆவுது. இந்தத் தரம் பயந்துட்டேன்." கீழே கிடந்த தொப்பியைக் காலால் நகர்த்தினான். "உன்னை வரச் சொல்லி எழுதணும்னு உட்காருவேன். இந்தத் தட்டி வீட்டுல நீ இன்னா செய்வேன்னு விட்டுடுவேன். அழைச்சிட்டுப் போவத்தானே வந்திருக்கே? சரி. நாளைக்குக் காலையில வந்துடறேன்."

'சரி' என்றுவிட்டான். அவள் எதற்காக ரயிலேறி வந்தாளோ அது கிடைத்துவிட்டது. சண்டை இல்லை, சத்தம் இல்லை. மூட்டையை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். ஏனோக் கஞ்சிராவை உறைக்குள் போட ஆரம்பித்தான். சாம்ராஜின் முகம் தொங்கிப் போயிருந்தது.

பார்வதம்மா புருஷனை உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை பார்த்தாள். மாவு வியர்வையில் கோடு கோடாக இறங்கியிருந்தது.  இவனைக் கட்டி ஆறு வருஷம் ஆகியும் இவன் யாரென்றே தெரியாமல் போய்விட்டதே என்று அவளுக்கு அவமானமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. ரெண்டும் சேர்ந்து வந்தால் மனுஷி என்னதான் செய்வாள்? கோபப்பட்டாள்.

"ஊருக்கு வர்ற ஆளு எனக்கு எதுக்கு? அந்த ஆளோடதான் ஆறு வருஷம் குப்பை கொட்டியாச்சே! இப்ப கையை வீசிட்டு வந்தாரே, அவரு எனக்கு வேணும். அவரு இருக்குற இடத்துலதான் நானும் இருப்பேன்."

 தாமோதரன் கண்ணைத் துடைக்கப் போய் மாவை உள்ளே தேய்த்துக்கொண்டு எரிச்சலில் குதித்தான். அப்போதுதான் கூட்டத்துக்கு மூச்சு வந்தது. சாம்ராஜ் விசில் அடித்தான். ஐடா ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டாள்.

பார்வதம்மா மூட்டையைத் தூக்கிப் புருஷன் கையில் கொடுத்தாள். பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். வெட்கம் எங்கே போனதோ, தெரியவில்லை.

"அடுத்த ஞாயித்துக்கிழமை எல்லாரும் எங்க வீட்டுல சாப்பிடணும். ஒருத்தரும் தப்பக்கூடாது, ஆமா! வீடு எதுன்னு மட்டும் என்னைக் கேக்காதீங்க. நான் இன்னும் பார்க்கல."