திரும்பி வரக்கூடாத அரிசி

எண்ணெய்ப்பனைகளைத் தாண்டி லகாட் சாலையில் ஏறியபோது அரிசிப் பையைத் தோள் மாற்றினேன். என் துணிமூட்டையைவிட அது கனம். திரும்பிப் பார்த்தால் தோட்டத்துச் சிற்றாலயத்தின் நீலச் சுவர் இன்னும் தெரிந்தது. அது ஈப்போ நகரத்துச் சபையார் அடித்துக் கொடுத்த சாயம். அந்த ஆலயத்தின் பின்னறையில்தான் ஆறேழு மாதமாகப் படுத்திருந்தேன். கூட்டினேன், மணி அடித்தேன். இனி அவர்கள் கொண்டுவரும் சாமான்களை அந்த அறையில் வைக்க வேண்டுமாம். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. படுக்க இடம் இல்லை, அவ்வளவுதான்.

ரப்பர் மரங்கள் போய் எண்ணெய்ப்பனை வந்த பிறகு அங்கே மிஞ்சியது பத்துப் பன்னிரண்டு வீடுகள். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துப் போடுவார்கள். ஞாயிறன்று அது ஆலயத்துப் பானைக்கு வரும். எங்கேனும் சாவு விழுந்தால் பானை அரிசி அந்த வீட்டுக்குப் போகும். பெண்களே போய்க் கஞ்சி காய்ச்சிக் கொடுத்துவிட்டு வருவார்கள். இருக்கிற வீடா, இல்லாத வீடா என்று பார்ப்பதில்லை.

ஈப்போ சபையார் மாதம் ஒரு சனிக்கிழமை வேனில் வருவார்கள். அரிசி மூட்டை, பிஸ்கட், மருந்து எல்லாம் வரும். குழுத் தலைவர் ஒரு பல் டாக்டர். தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து பிள்ளைகளின் பல்லைப் பார்ப்பார். நல்ல மனிதர். நான் கிளம்பிய அன்று காலை ஜெபத்துக்கு முன், தன் அம்மா போன வாரம் இறந்துவிட்டதாகச் சொன்னார்.

பானையைப் பார்த்துக்கொள்ளும் அக்கா எழுந்து போனார். இருந்த அரிசி முழுவதையும் பையில் கொட்டி எடுத்து வந்தார்.

"தம்பி, இது உங்க வீட்டுக்கு."

டாக்டர் பதறினார். "ஐயோ, வேணாங்க்கா. எங்ககிட்ட எல்லாம் இருக்கு. உங்களுக்குத்தான் தேவை, நீங்களே வச்சுக்குங்க லா." பையை அக்கா கையிலேயே திருப்பிக் கொடுத்தார். போதாததற்கு வேனிலிருந்து இன்னொரு மூட்டையையும் இறக்கச் சொன்னார்.

வேன் போன பிறகு ஒருத்தி, "பெரிய வீட்டுல செத்தா பசிக்காது போல," என்றாள்.

"வாய மூடு," என்ற அக்கா என் துணிமூட்டையைப் பார்த்தார். "சாவுக்குக் குடுத்த அரிசி பானைக்குத் திரும்பி வரக்கூடாது. நீ எப்படியும் ஈப்போவுக்குத்தானே போற? அவருகிட்டயே குடுத்துட்டுப் போ."

"வாங்கலன்னா?"

"வாங்குற வரைக்கும் சுமந்துக்கிட்டுத் திரி. உனக்கு வேற என்ன வேல?"

லகாட்டில் பஸ் ஏறி, இறங்கி, கேட்டுக் கேட்டு ஈப்போ சபைக்குப் போய்ச் சேர்ந்தேன். பெரிய கட்டடம். கண்ணாடிக் கதவைத் தள்ளியதும் குளிர் அடித்தது. மேசையில் இருந்த பெண் என்னைக் காலிலிருந்து தலை வரை பார்த்தாள்.

"அங்கிள், சாப்பாட்டுச் சாமான் வியாழக்கிழமைதான் குடுப்போம்."

"வாங்க வரல. குடுக்க வந்தேன்."

யாருக்கோ போன் செய்துவிட்டு, பின்பக்கம் அடுக்களைக்குப் போகச் சொன்னாள்.

மறுநாள் ஞாயிறு சாப்பாட்டுக்கு அங்கே ஒரு சமையற்கார அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். பைக்குள் கைவிட்டு அரிசியை அள்ளிப் பார்த்தார்.

"என்னண்ணே இது? புழுங்கல், பச்சை, சியாம் அரிசி எல்லாம் ஒண்ணாக் கிடக்கு. ஒண்ணு குழையும், ஒண்ணு வேகாது. சோறு ஆக்க முடியாதே."

"கஞ்சிக்கு ஆகும்," என்றேன். யாருடைய அரிசி, யாருக்கு வந்தது என்பதையும் சொன்னேன்.

அள்ளிய அரிசியை ஒரு மணி சிந்தாமல் பைக்குள் விட்டார். "பாத்திரம் கழுவுறவன் ஊருக்குப் போயிட்டான். காலைல வேலைக்கு வாரீங்களா? வந்து நீங்களே கஞ்சிய வைங்க. டாக்டர நான் கூப்பிடுறேன்."

எங்கே படுப்பேன் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பக்கத்துப் புந்தோங்கில் பூட்டிய கடையொன்றின் வாசலில் முடங்கினேன். பழக்கம்தான்.

காலையில் மாடியில் ஆராதனைப் பாட்டுக் கேட்டது. அத்தனை குரலில் எனக்குத் தெரிந்த குரல் ஒன்றும் இல்லை. பானைக்குள் கொதித்த அரிசியைத்தான் எனக்குத் தெரியும். நீளமாக மலர்ந்தது அக்கா வீட்டுச் சியாம் அரிசி. கடைசிவரை விறைத்துக்கொண்டு நின்றது அந்த வாய்க்காரி வீட்டுப் புழுங்கல்.

டாக்டர் வந்தார். என்னைப் பார்த்தார், காலியான பையைப் பார்த்தார்.

"அந்த அரிசியா?"

"ஆமா. சாவுக்குக் குடுத்தது திரும்பி வரக்கூடாதாம்."

"எங்க அம்மாவுக்கா குடுத்தாங்க?" என்றார். "பாவம், இல்லாதவங்க அரிசிய எப்படி வாங்குறதுன்னுதான் நான்..." கிண்ணத்தை நீட்டினார். ஊற்றினேன். கவிழ்த்து வைத்த வாளியில் உட்கார்ந்து, சூடு ஆறும் முன்பே குடிக்கத் தொடங்கினார். பாதியில் தலை தூக்கினார்.

"உப்புப் பத்தல, அண்ணே."

போட்டேன். மிச்சத்தையும் குடித்தார். "அக்காகிட்ட நீங்க போய்ச் சொல்ல வேணாம். நான் போறேன்," என்று சொல்லிவிட்டு மேலே போனார்.

குழாயைத் திறந்தேன். அந்த வேலையில் நான் முதலில் கழுவியது அவருடைய கிண்ணம்.