டீசல் பார்க்கும் குச்சி

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். இதைச் சொல்லும்போது இன்றும் எனக்குத் தலை கொஞ்சம் நிமிரத்தான் செய்கிறது. ஆனால் அரிச்சுவடிக்கு முன்பே நான் வாசிக்கக் கற்றுக்கொண்ட ஒன்று உண்டு. அது ஒரு வேப்பங்குச்சி.

முக்காணிக்கு மேற்கே, ஆற்றுப் பாசனத்தில் நெல்லும் வாழையும் விளைகிற ஊர் எங்களுடையது. அப்பா அங்கே முதலாளி ஒருவரின் டிராக்டரை ஓட்டினார். அதில் டீசல் காட்டும் முள் வாங்கிய மறுவருடமே செத்துவிட்டது. அதனால் அப்பா ஒரு வேப்பங்குச்சியைச் சீவி, கத்தியால் மூன்று கோடு கீறி, இருக்கைக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார். தினமும் காலையில் டாங்க் மூடியைத் திறந்து, குச்சியை விட்டு எடுத்து, எந்தக் கோடு வரை நனைந்திருக்கிறது என்று சொல்வது என் வேலை. "ரெண்டாங் கோடுப்பா!" என்று நான் கத்தினால்தான் வண்டி கிளம்பும்.

டீசல் வண்டியைக் காலியாகும்வரை ஓடவிட்டால் குழாய்க்குள் காற்றுப் புகுந்துவிடும். பிறகு டீசல் ஊற்றினாலும் கிளம்பாது. இடம் இடமாகத் திருகைத் தளர்த்திக் காற்றை வெளியேற்ற வேண்டும்; அதற்கு 'ஏர் எடுப்பது' என்று பெயர். இதெல்லாம் வாய்ப்பாட்டுக்கு முன்பே எனக்குத் தெரியும். அப்பாவின் வண்டி ஒருநாளும் அப்படி நின்றதில்லை. நின்றவர்களை அவர் ஏசுவதைக் கேட்டால் பாவமாக இருக்கும்.

ஊர்ப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்தது. தூத்துக்குடியில் சிஸ்டர்கள் நடத்திய பள்ளியில், விடுதியோடு எனக்கு ஓர் இடம் கிடைத்திருந்தது. எங்கள் டீச்சரும் அம்மாவும் நடையாய் நடந்து வாங்கிய இடம். குறித்த நாளில் மதியத்துக்குள் தகப்பனார் நேரில் வந்து கைநாட்டு வைக்காவிட்டால் அது வேறு பிள்ளைக்குப் போய்விடும் என்று சொல்லியிருந்தார்கள். நான் வீட்டுக்கு ஒரே பிள்ளை. அப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. அந்த நாள் வந்தபோது, "வாழத்தார் ஏத்திட்டு மார்க்கெட்டுக்குத்தான் போறேன். ரெண்டு பேரும் ஏறிக்கிடுங்க" என்றார்.

அம்மா எனக்கு மாம்பழ நிறத்தில் புதுப்பாவாடை தைத்துப் போட்டிருந்தாள். வழக்கம்போல நான் குச்சியை உருவப் போனேன். அப்பா தடுத்தார்.

"வேண்டாம்ளா. புதுத்துணியில டீசல் பட்டா நாத்தம் போவாது."

எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. வாழைத்தார்களுக்கு நடுவே, தகரப்பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ராணி மாதிரி உட்கார்ந்தேன்.

பழையகாயல் தாண்டி, இரண்டு பக்கமும் உப்பளம் கண்ணைக் கூசவைக்கும் இடத்தில் டிராக்டர் இருமியது. பிறகு நின்றுவிட்டது. அப்பா இறங்கி டாங்கைத் தட்டினார். காலிக்குடத்தின் சத்தம் வந்தது.

"டீசல் இல்ல" என்றார், உப்பளத்தைப் பார்த்துக்கொண்டு.

தூத்துக்குடி பஸ் ஒன்று எங்களைக் கண்டு வேகம் குறைத்தது. அம்மா கை காட்டவில்லை. முதலாளியின் வண்டியையும் வாழைத்தாரையும் நடுவழியில் விட்டுவிட்டு அப்பா வர முடியாது. கைநாட்டு வைக்கிறவர் இல்லாமல் நாங்கள் மட்டும் போய் என்ன பயன்?

கடைசியில் துறைமுகத்துக்கு உப்பு ஏற்றிப்போன லாரி ஒன்று நின்றது. ஓட்டி வந்தவர் அப்பாவுக்குத் தெரிந்தவர். இறங்கும்போதே சிரித்துக்கொண்டு இறங்கினார்.

"என்ன அண்ணாச்சி, நீங்களா நிக்கீய? போன மாசம் நான் நின்னப்ப என்ன ஏச்சு ஏசுனீய! டீசல் பாக்காம வண்டி எடுக்கவன் வேட்டி இல்லாம தெருவுல போறவன்னு சொன்னது ஆரு?"

"இன்னைக்கு என் வேட்டி அவுந்துட்டுடே, விடு" என்றார் அப்பா.

லாரிக்காரர் தன் டாங்கில் குழாயை விட்டு உறிஞ்சி, ஒரு கேன் டீசல் பிடித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

அதை ஊற்றிய பிறகும் அப்பா வேலையில் இறங்கவில்லை. சாலையோரக் கல்லில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அம்மா அவர் எதிரே போய் நின்றாள்.

"காலைல குச்சி விட்டுப் பாக்கலியா?"

அப்பா பீடிச் சாம்பலைத் தட்டினார். அவருக்காக நான் பதில் சொன்னேன். "அப்பாதான் வேண்டாம்னு சொல்லிட்டாவம்மா. புதுத்துணியில டீசல் பட்டுரும்லா?"

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள், வெகுநேரம். சண்டை வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

"துணி போனாப் போவுது" என்றாள். என் புதுப்பாவாடையைத் தூக்கி இடுப்பில் செருகிவிட்டாள். "போளா. அப்பா கூட நின்னு நீயே ஏர் எடு."

அப்பா பீடியைக் கீழே போட்டு மிதித்தார்.

பில்டரின் தலையில் இருந்த திருகை அவர் ஸ்பானரால் தளர்த்தினார். பம்பின் பக்கத்தில் இருந்த சின்னக் கைப்பிடியை நான் மேலும் கீழும் அடித்தேன். என் கைக்கு அளவெடுத்துச் செய்தது போல இருந்தது அது. முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு திருகைச் சுற்றி நுரை பொங்கியது.

"குமிழி நின்னாச் சொல்லு."

பெரிய பெரிய குமிழிகள் சீறிக்கொண்டு வந்தன. சிறுத்தன. ஒன்றிரண்டாகின. இல்லாமல் போயின.

"நின்னுட்டுப்பா."

"நல்லாப் பாரு."

"நின்னுட்டு."

அப்பா திருகை முறுக்கவில்லை. நான் அடிக்க அடிக்கச் சுத்தமான டீசல் அவர் விரல்களில் வழிந்து ரோட்டில் பரவியது. ஒரு சொட்டுச் சிந்தினாலும் துணியால் ஒற்றி எடுக்கிற மனிதர். இல்லாத குமிழியைத் தேடுகிறவர் போலக் குனிந்தே நின்றார். எனக்குக் கை வலித்தது.

"அவதான் சொல்லுதாள்லா" என்றாள் அம்மா, பின்னாலிருந்து. அவள் குரல் அவ்வளவு தாழ்ந்து நான் கேட்டதில்லை. "முறுக்குங்க."

அப்பா முறுக்கினார்.

அதற்குப் பிறகு அவர் கைக்குப் பழைய வேகம் வந்துவிட்டது. மற்ற இடங்களிலும் காற்றை எடுத்து, ஏறி உட்கார்ந்து செல்ப் அடித்தார். வண்டி வெள்ளைப் புகையைக் கக்கி, திக்கித் திணறி, பிறகு ஓடத் தொடங்கியது. மார்க்கெட்டுக்குப் போகாமல் நேரே பள்ளிக்கு விட்டார்.

நாங்கள் போனபோது ஒரு சிஸ்டர் அறைக் கதவைப் பாதி சாத்தியிருந்தார். மூக்கைச் சுளித்து, "என்ன, மண்ணெண்ணெய் வாடை?" என்றார்.

"டீசல், சிஸ்டர்" என்று நான் திருத்தினேன்.

அப்பா கட்டைவிரலை வேட்டியில் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். அப்படியும் கைநாட்டைச் சுற்றித் தாளில் ஓர் எண்ணெய் வட்டம் விழுந்தது.

வழியனுப்ப நான் கேட் வரை வந்தேன். அம்மா டிரெய்லரில் ஏறி, முகத்தை வாழைத்தார் பக்கம் திருப்பிக்கொண்டாள். அப்பா ஏறவில்லை. இருக்கைக்குப் பின்னாலிருந்து குச்சியை உருவி, டாங்கில் விட்டு எடுத்து, ரோட்டின் அந்தப் பக்கத்திலிருந்து என் பக்கமாக உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஒண்ணாங் கோடுப்பா!" என்று கத்தினேன்.

அவர் தலையாட்டினார். குச்சியைத் துடைத்துச் செருகினார். வண்டி கிளம்பிப் போயிற்று.

அன்று அவர் மறந்துதான் போனாரா என்று இதுவரை நான் கேட்டதில்லை. அந்தக் கேட்டில் நின்றபோது அந்தக் கேள்வியே எனக்குள் இல்லை. பாவம், நான் இல்லாவிட்டால் அப்பாவுக்குக் கோடு பார்க்கத் தெரியாதே, என்ன செய்யப்போகிறாரோ என்று மட்டும் நினைத்துக்கொண்டேன். அந்தக் கோடுகளைக் கீறியவரே அவர்தான் என்பது எனக்குத் தோன்றவேயில்லை.