மீசையோடு நடந்துபோனவர்

நைனாவுக்கு மொட்டை போடுவது அம்மா வைத்துவிட்டுப் போன வேண்டுதல். நானும் முடி கொடுப்பதாகச் சொன்னேன். கொடுக்கப் பெரிதாக ஒன்றுமில்லை என்பதால் தாராளமாகவே சொன்னேன். சித்தூரிலிருந்து நைனா, தங்கச்சி, நான், மூவரும் திருமலைக்குப் போனோம்.

நைனாவுக்கு மறதி முற்றிக்கொண்டிருந்தது. முகத்தை வைத்து ஆளைப் பிடிக்க மாட்டார். மூக்குக்கண்ணாடி, தலைமுடி என்று பார்த்துக் குத்துமதிப்பாக என்னை மகன் என்று ஏற்றுக்கொள்வார். முடியிறக்கும் கூடத்தில் அவருக்குத்தான் முதலில். தலையோடு மீசையும் போயிற்று. வெளியே வந்ததும் தங்கச்சி செல்போனைத் திருப்பி அவர் முகத்தை அவருக்கே காட்டினாள். யார் இவர் என்று தெலுங்கில் மரியாதையாக விசாரித்தார். சிரித்தோம். ஒரு படம் எடுக்கட்டுமா என்றாள். என்னுடையதும் ஆகட்டும், சேர்ந்து எடுத்துக்கலாம் என்றேன்.

அவள் பையை எடுக்க லாக்கருக்குப் போனாள். நான் நைனாவை வாசல் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு உள்ளே போனேன். திரும்பி வந்தபோது பெஞ்ச் காலி. சுற்றிலும் சந்தனம் பூசிய மொட்டைத் தலைகள். ஒரு கிழவர் காணாமல் போக இதைவிடத் தோதான ஊர் இல்லை.

அன்று பகல் முழுக்க செல்போனில் இருந்த பழைய படத்தைக் காட்டிக் காட்டி விசாரித்தேன். வெள்ளை மீசையோடு ஜம்மென்று இருப்பார். இப்போ மொட்டை என்று வாயால் சேர்த்துக்கொள்வேன். சாயங்காலம் போலீஸ்காரர் எந்தப் பக்கம் போனார் என்று கேட்டார். சட்டென்று ஞாபகம் வந்தது. நான் வெளியே வந்தபோது நைனா என்னைப் பார்த்தார். இந்தப் புது மொட்டையை அடையாளம் தெரியாமல் பஸ் நிற்கும் பக்கமாக நடந்துவிட்டார். கண்ணாடி போடாததால் நானும் கவனிக்கவில்லை. உடனே மலையடிவாரத்து அலிபிரி செக்போஸ்ட்டுக்கும் திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்கும் தகவல் போனது.

எப்படிப் பார்த்தார் என்று தங்கச்சி கேட்டாள்.

"யாரையோ பாக்கற மாதிரி. அப்புறம் மீசையைத் தடவிக்கினே போய்ட்டாரு."

"மீசை ஏதுண்ணா? நம்ம எதிர்லதானே எடுத்தாங்க."

போலீஸ்காரர் பேனாவை மூடினார்.

மூளை முகங்களைப் பத்திரப்படுத்துவதில்லை, கேட்கும்போதெல்லாம் புதிதாக வரைந்து தருகிறது என்று எங்கோ படித்து, நண்பர்களிடம் சொல்லிப் பெருமை தேடிக்கொண்டவன் நான். மீசையில்லாத நைனாவின் முகத்தைக் கேட்டால் என் மூளை எதையோ கொண்டுவந்து நீட்டுகிறது. உற்றுப் பார்த்தால், அன்று கண்ணாடியில் பார்த்த என் மொட்டை முகம். நோட்டீஸிலும் மீசைப் படம்தான் போட்டோம். வேறு படம் கிடையாது.

எனக்கு முடி வளர்ந்துவிட்டது, பழைய அளவுக்கு. இன்னும் ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் தங்கச்சியும் திருப்பதி பஸ் ஸ்டாண்டில் இறங்கித் தேடுகிறோம். அவர் இந்தப் பக்கம் வந்தார் என்பதற்கு என் மூளையைத் தவிர சாட்சி இல்லை, அந்தச் சாட்சியும் பொய் என்று போன வாரம் அவளிடம் சொன்னேன்.

"தெரியும்ணா," என்றாள். "வேற எந்தப் பக்கம் போய்த் தேடறது?"