கேற்றைப் பார்த்து நின்ற கமரா: யாழ்ப்பாணத்தில் ஆறு நாள் நெறியாள்கைப் பட்டறை

நாற்பத்துமூன்று வயதில் ஒருவன், பாரிஸ் உணவகமொன்றில் மூன்று கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு, நாடகமும் குறும்படமும் நெறியாளப் பழக யாழ்ப்பாணம் போகிறேன் என்றால் யாரும் சிரிக்கத்தான் செய்வார்கள். என் முதலாளி சிரித்தார். விமானத்தில் பக்கத்தில் இருந்தவரும் சிரித்தார். ஆகவே காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மூன்று வருடங்களுக்கு முன் உரும்பிராயில் அம்மா காலமானார். என்னால் போக முடியவில்லை. செத்த வீட்டை நேரலையில் பார்த்தேன். கலியாண வீட்டுக்குப் பிடிப்பதுபோல இப்போது ஊரில் இதற்கும் ஆள் பிடிக்கிறார்கள். முதலில் சனங்களின் முதுகு தெரிந்தது. பிறகு பந்தலின் தகரம். அதன் பிறகு நாற்பது நிமிடம் எங்கள் வீட்டு வாசல் கேற் மட்டும்தான். உள்ளே தேவாரம் கேட்கிறது, பெண்கள் அழுவது கேட்கிறது, கமரா அசையாமல் கேற்றைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. அம்மாவின் முகத்தை நான் காணவே இல்லை. எடுத்தவனை அன்று திட்டத் தொடங்கியவன் நிறுத்தவில்லை. கமராவை எங்கே வைக்க வேண்டும் என்று தேடித்தேடிப் படிக்கத் தொடங்கியதும் அந்தக் கோபத்தில்தான்.

ஆக, இந்தப் பயணத்தில் எனக்கு இரண்டு வேலை. ஒன்று பட்டறை. மற்றது, அன்று வீடியோ எடுத்தவரைக் கண்டுபிடித்து, அம்மாவின் முகம் உள்ள முழுப் பதிவை வாங்குவது. நேரலையில் காட்டாவிட்டாலும் எங்காவது எடுத்து வைத்திருப்பார் என்று நம்பினேன். ஊரில் இருக்கும் அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவருடைய தொலைபேசி இலக்கம் கிடைத்திருக்கும். கேட்கவில்லை. அதற்கும் காரணம் இருக்கிறது.

கொழும்புக் கோட்டையிலிருந்து காலை 5.45 ரயில். இரண்டாம் வகுப்பு முன்பதிவு 2,200 ரூபாய். ஐம்பது நிமிடம் பிந்தி, பகல் ஒரு மணிக்குப் பிறகு யாழ்ப்பாணம். குளிரூட்டிய பெட்டி எடுக்காதீர்கள். சன்னல் திறக்காது, குளிரும் குறையாது. தேநீர் விற்பவர் அனுராதபுரத்துக்குப் பிறகு கண்ணில் படவே இல்லை, ஆகவே கையில் ஏதாவது கொண்டுபோங்கள்.

ஸ்டேஷன் வாசலில் ஓட்டோக்காரர் நல்லூருக்கு எண்ணூறு கேட்டார். மூன்று கிலோமீற்றர்கூட வராத தூரம்.

"எந்த நாட்டிலை இருந்து வாறியள் அண்ணை?"

"நான் வெளிநாடெண்டு ஆர் சொன்னது?"

"தண்ணிப் போத்திலை ரெண்டு கையாலையும் பிடிச்சுக்கொண்டெல்லோ நிக்கிறியள்."

ஐந்நூறுக்கு இறங்கிவந்தார். தங்கிய அறை ஒரு நாளைக்கு 5,500, காலைச் சாப்பாட்டுடன். வாடகைச் சைக்கிள் நாளுக்கு 600. பட்டறைக் கட்டணம் ஆறு நாளுக்கும் மதியச் சாப்பாட்டோடு 18,000. காலை ஒன்பது முதல் மாலை நாலரை வரை, நல்லூரில் ஒரு பழைய வீட்டின் விறாந்தையிலும் முற்றத்திலும் நடந்தது. பதினான்கு பேர் வந்திருந்தார்கள். வயதில் மூத்தவன் நான்தான்.

பழக்கியவரை எல்லோரும் தர்சினி மிஸ் என்றார்கள். என்னைவிட ஏழு வயது இளையவர், பள்ளிக்கூட நாடகங்களில் தொடங்கி மேடைக்கும் படத்துக்கும் வந்தவர். முதல் நாள் முழுக்கக் கமராவைக் கண்ணில் காட்டவில்லை. நிலத்தில் சோக்கட்டியால் ஒன்பது பெட்டி கீறினார். ஒரு கதிரை, இரண்டு பேர், பேச்சுக் கிடையாது. ஒருவர் எந்தப் பெட்டியில் நிற்கிறார், மற்றவருக்கு முதுகைக் காட்டுகிறாரா, எப்போது கதிரையில் அமர்கிறார் என்பதை மட்டும் வைத்து, யார் யாருக்குப் பயம் என்று பார்ப்பவருக்கு விளங்க வேண்டும். சும்மா நிற்பது இவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாது. என் காட்சியில் இரண்டு பேரும் பஸ்ஸுக்கு நிற்பதுபோல நின்றார்கள்.

இரண்டாம் நாள் முற்றத்தில் ஒரு கயிற்றை நீட்டிப் போட்டார். எதிரெதிரே நின்று கதைக்கும் இரண்டு பேரில் ஒருவரிலிருந்து மற்றவர்வரை ஓடும் கோடு அது. கமரா ஒரு பக்கத்தில் நின்றால் அந்தப் பக்கத்திலேயே நிற்க வேண்டும். தாண்டினால், ஒருவரை ஒருவர் பார்ப்பவர்கள் படத்தில் ஒரே திசையைப் பார்ப்பதுபோலத் தெரியும். புத்தகத்தில் நூறு முறை படித்த விஷயம். அப்படியும் நான் நாலு முறை தாண்டினேன். "பிரான்ஸ்காரர் போடர் பாயிறார்" என்று தயாளன் சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். தயாளன் மானிப்பாய்ப் பெடியன், முப்பது வயதுக்குள் இருக்கும், சொந்தமாகக் கமரா வைத்துத் தொழில் செய்கிறான் என்று முதல் நாளே சொல்லியிருந்தான். நானும் சிரித்தேன்.

மூன்றாம் நாளுக்கு எல்லோரும் ஒரு நிமிட வீடியோத் துண்டு கொண்டுவர வேண்டும், பிழையாக எடுக்கப்பட்டதாக இருக்க வேண்டும், எங்கே பிழை என்று சொல்ல வேண்டும் என்றார் மிஸ். நான் எதைக் கொண்டுபோனேன் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். செத்த வீடு என்று சொன்னேன். யாருடையது என்று சொல்லவில்லை. சுவரில் விழுந்த படத்தில் எங்கள் வீட்டு நீலக் கேற் ஒரு நிமிடம் அசையாமல் நின்றது. இதை எடுத்தவனுக்குக் கமரா கொடுத்ததைவிட மாடு மேய்க்கக் கம்பு கொடுத்திருக்கலாம் என்றேன். நன்றாகச் சிரித்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. அதை எழுத இப்போது வெட்கமாக இருக்கிறது.

மிஸ் சிரிக்கவில்லை. திரும்ப ஒருமுறை போடச் சொன்னார்.

"கமரா ஆடேல்லை. ஸ்ராண்டிலை வைச்சு, நிண்டு பாத்து எடுத்திருக்கினம். எடுக்கத் தெரியாத ஆள் இவ்வளவு நேரம் ஒரு இடத்திலை நிக்கமாட்டார். மேடையிலை ஒரு வாசலை வெறுமனே விட்டா, சனம் அதைத்தான் பாத்துக்கொண்டிருக்கும். உதிலை ஆரோ வரவேண்டிக் கிடக்கு. ஆர் வரவேணும்?"

"ஒருத்தரும் இல்லை, மிஸ்" என்றேன்.

இங்கே நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அம்மா சாகும்போது எனக்குப் பிரான்சில் விசா, அதாவது அங்கே இருப்பதற்கான அனுமதி, இல்லை; அது கிடைத்தது போன வருடம்தான். அகதி வழக்கு இழுபட்டுக்கொண்டிருந்தது. நாட்டை விட்டு வெளியே போனால் திரும்ப முடியாது. ஆனால் அம்மா கவலைப்படக் கூடாதென்று விசா கிடைத்துவிட்டதாக நான் வீட்டுக்குச் சொல்லிப் பல வருடங்கள் ஆகியிருந்தன. ஆஸ்பத்திரியில் அம்மாவுக்குக் கடுமை என்று அண்ணன் தொலைபேசி எடுத்தபோது, ரிக்கற் எடுத்துவிட்டேன், வெள்ளி காலை கொழும்பில் இறங்குவேன் என்றேன். அம்மாவின் காதில் நல்லதாக ஒரு வார்த்தை விழட்டும் என்றுதான் சொன்னேன். அம்மா வியாழக்கிழமை போய்விட்டார், செத்த வீடு வெள்ளி பின்னேரம். நான் சொன்னதைத் திருத்தவில்லை. என் தொலைபேசியை அணைத்துவிட்டு, கூட வேலை செய்யும் நண்பனின் தொலைபேசியில் நேரலையைப் பார்த்தேன். அன்றிரவு, நடுவழியில் விமானம் தவறிவிட்டதாக அண்ணனுக்கு ஒரு செய்தி போட்டேன். எங்கள் வழக்கப்படி தாய்க்குக் கொள்ளி வைப்பவன் இளைய மகன். வீட்டில் இளையவன் நான்.

தேநீர் இடைவேளையில் தயாளன் கிணற்றடிக்கு வந்தான்.

"அண்ணை, குறை நினைக்காதையுங்கோ. அது நான் எடுத்தது."

தேநீர்க் கோப்பையோடு கிணற்றுக் கட்டில் இருந்துவிட்டேன்.

"உரும்பிராய்ச் செத்த வீடுதானே? அந்த அம்மாவின்ரை மூத்த மகன்தான் நிக்கச் சொன்னவர். தம்பி இறங்கீட்டான், வந்துகொண்டிருக்கிறான், அவன்தான் கொள்ளி வைக்கவேணும், அவன் கேற்றாலை உள்ளுக்கு வாறதை விட்டிடாதை எண்டவர். வெளிநாட்டிலை இருக்கிற சொந்தக்காரர் எல்லாம் அதைப் பாக்கவேணும் எண்டும் சொன்னவர்."

"பெட்டி மூடேக்கை?"

"அப்பவும் கேற்றடியிலைதான். நான் உள்ளுக்குத் திருப்பப் போனனான். அவர் வந்து என்ரை கையைப் பிடிச்சு மறிச்சுப்போட்டார். ரெண்டு நிமிசம் பொறு, வந்திடுவான் எண்டார்."

"முகம்? வேறை எங்கையும் எடுத்த முகம் இல்லையோ?"

"ஒரு கமராதான் அண்ணை. ஆஸ்பத்திரியிலை இருந்து கொண்டுவந்து இறக்கேக்கை ஒரே சனம், முதுகுதான் விழுந்தது. வாய்க்கரிசி போடேக்கை முகத்தை எடுப்பம் எண்டிருந்தனான். அப்ப நான் கேற்றிலை." பிறகு கேட்டான்: "நீங்களோ அந்தத் தம்பி?"

ஓம் என்றேன். அவன் என் கையிலிருந்த தேநீர்க் கோப்பையை வாங்கிக் கழுவி வைத்தான்.

நாற்பது நிமிடம் அந்தக் கமரா எனக்காக நின்றிருக்கிறது. நான் வருவதைக் காட்ட நின்ற கமராவை, நான் பாரிசில் கட்டிலில் இருந்துகொண்டு தூஷணத்தால் திட்டியிருக்கிறேன்.

அடுத்த நாள் பட்டறைக்குப் போகவில்லை. யாழ்ப்பாணம் பஸ் நிலையத்திலிருந்து பலாலி வீதி வழியாகப் போகும் பஸ்ஸில் உரும்பிராய்ச் சந்திக்கு 60 ரூபாய், இருபத்தைந்து நிமிடம். அங்கிருந்து உள்ளே பத்து நிமிட நடை. ஞாயிற்றுக்கிழமை, பட்டறை முடிந்த பிறகு வருவதாகத்தான் அண்ணனுக்குச் சொல்லியிருந்தேன். அவர் முற்றத்தில் இருந்து வெங்காயத்தைப் பிடி பிடியாகக் கட்டிக்கொண்டிருந்தார்.

"ஞாயிற்றுக்கிழமை எண்டெல்லோ சொன்னனி?"

பக்கத்தில் நிலத்தில் இருந்தேன். எப்படித் தொடங்குவது என்று பஸ்ஸில் யோசித்து வைத்தது எதுவும் நினைவுக்கு வரவில்லை.

"அண்ணை, அண்டைக்கு நான் ரிக்கற் எடுக்கேல்லை. எனக்கு அப்ப விசாவும் இல்லை. எல்லாம் பொய்."

அவர் கையிலிருந்த பிடியைக் கட்டி முடித்தார். இன்னொன்றை எடுத்து அதையும் கட்டினார்.

"இப்ப வந்து சொல்லுறாய், வீடியோக்காரப் பெடியனைக் கண்டனியோ?"

"ஓம்."

"அவனிலை ஒரு பிழையும் இல்லை. நான்தான் நிக்க விட்டனான்." பிறகு சொன்னார்: "விசா இல்லையெண்டா இல்லையெண்டு சொல்லியிருக்கலாமேடா. அம்மாவே உன்னை ஏசப்போறா? ரெண்டு மணிக்கு எடுக்க இருந்ததை நாலு மணி மட்டும் வைச்சிருந்தனாங்கள். ஐயர் ஏசினவர். கடைசியிலை நான்தான் கொள்ளி வைச்சன். பிளேன் தவறினதெண்டு நீ போட்டதை நான் நம்பினனான். பாவம், நடுவழியிலை தனிய நிண்டு என்ன பாடுபட்டிருப்பான் எண்டு நினைச்சனான்."

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் ஏசவில்லை. எனக்கு அழுகை வந்தது. அழுது முடித்துத்தான், மூன்று வருடம் மனதில் வைத்திருந்ததைக் கேட்டேன்.

"அம்மான்ரை முகம் எப்பிடி அண்ணை இருந்தது?"

அவர் வெங்காயத்தைக் கீழே வைத்தார்.

"எனக்கு நினைவில்லையடா. வாய்க்கரிசி போட்டனான். போடேக்கையும் கண் கேற்றிலைதான். பிறகு அந்தப் பெடியனோடை போய் நிண்டிட்டன். திரும்பிப் பாக்கேக்கை பெட்டியை மூடிப்போட்டினம்."

அண்ணன் அழுது நான் பார்த்தது அன்றுதான். இரண்டு பிள்ளைகள் பெற்ற ஒரு தாயின் முகத்தை, கடைசியாக ஒரு பிள்ளையும் பார்க்கவில்லை. ஒருவன் போகவில்லை. மற்றவன் அவன் வரும் வழியைப் பார்த்துக்கொண்டு நின்றான். இதில் முதல் பிழையும் இரண்டாம் பிழையும் என்னுடையவை.

அறையைக் காலி செய்து, மிகுதி நாட்களுக்கு உரும்பிராயிலேயே தங்கினேன். கடைசி இரண்டு நாள் பட்டறைக்கும் போனேன். எல்லோர் முன்பும் தயாளனிடம் மன்னிப்புக் கேட்டேன். அந்தக் கேற்றால் வந்திருக்க வேண்டியவன் நான்தான் என்றும் சொன்னேன். மிஸ் தலையை ஆட்டிவிட்டு அடுத்தவரின் காட்சிக்குப் போனார். கடைசி நாள் ஒவ்வொருவரும் எடுக்க வேண்டியிருந்த ஒரு நிமிடக் காட்சியை நான் எடுக்கவில்லை. தயாளனின் காட்சிக்கு ஒலிவாங்கி பிடித்தேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். இப்படிப்பட்ட பட்டறைகளுக்கு முற்பணம் கட்ட முன்பு, முதல் நாள் என்ன பழக்குவார்கள் என்று கேளுங்கள். எடுத்தவுடன் கமராவைத் தூக்குகிறவர்களிடம் போக வேண்டாம். வெயிலில் நின்று பழகும் வேலை, தொப்பியும் பருத்திச் சட்டையும் வேண்டும். சைக்கிளை எடுக்க முன்பு பிறேக்கைப் பாருங்கள். நல்லூரில் தங்குங்கள், பஸ் நிலையம் கிட்ட. ஆறு நாளுக்கு எனக்கு எல்லாமாக ஐம்பத்தையாயிரத்துக்குள் முடிந்தது, விமானச் செலவு சேர்க்காமல்.

இன்னொன்று, வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு. வீட்டில் சாவு விழுந்து உங்களால் போக முடியாவிட்டால், முடியாது என்று அந்த நிமிடமே சொல்லிவிடுங்கள். காரணம் எவ்வளவு வெட்கமானதாக இருந்தாலும் சொல்லுங்கள். அங்கே இருப்பவர்களாவது செத்தவரின் முகத்தைப் பார்த்து அழட்டும்.