லாரி ஏறிய பதினொரு மான்கள்

வீட்டுச் சாமானை லாரியில் ஏற்றி ஊர் மாறியவர்களுக்கு என் பாடு புரியும்; நாங்கள் ஏற்றுகிற சாமான் பயந்தால் செத்துப்போகும் என்பதுதான் வித்தியாசம்.

நான் வனத்துறையில் வாட்சர். இந்தக் கோடையில் அகளிக்குக் கிழக்கே ஓடை வற்றிவிட்டது. தண்ணீர் தேடித் தோட்டத்துக்கு வந்த புள்ளிமான்களை நாய்கள் துரத்தின. இரண்டு செத்தன. மிஞ்சிய பதினொன்றையும் அணையோரக் காட்டில் விடச் சொன்னார்கள்.

முதல் பயணிகள்

மானை விரட்டிப் பிடிக்கக் கூடாது. தோட்டத்துக்காரர் துளசிமணி அக்காவின் தரிசு நிலத்தில் பச்சைத் துணியால் இரண்டு நீளச் சுவர்கள் கட்டினோம். வாயில் அகலமாக இருக்கும். போகப் போகக் குறுகி, மண்மேடு வழியாக லாரிக்குள் முடியும். உள்ளே தழையும் தண்ணீரும் வைத்துவிட்டு ஒளிந்துகொண்டோம்.

மூன்றாம் நாள் காலை லாரிக்குள் குளம்புச் சத்தம். மறைவிலிருந்தே கயிற்றை இழுத்துக் கதவை இறக்கினேன். போய்ப் பார்த்தால், அக்காவின் ஏழு வெள்ளாடுகள் தழையை மென்றுகொண்டே என்னைப் பார்த்தன. ஆடுகளைத் தேடி வந்த அக்கா கேட்டார்: “ஏனுங்க, இதுகளையும் டேமுக்குக் கூட்டிட்டுப் போறீங்களா? நானும் துணிமணி எடுத்துட்டு வந்தர்றனுங்க.”

தேங்காய்

ஐந்தாம் நாள் விடியலில் மான்களே ஏறின, பதினொன்றும். கதவை இறக்கிவிட்டு முன்பக்கம் போனால், டிரைவர் ஆறுச்சாமி தேங்காயோடு கையை ஓங்கி நிற்கிறார். பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தேன். அந்த ஒரு சத்தம் போதும். மான்கள் மிரண்டு லாரிப் பலகையில் மோதிக் காலை ஒடித்துக்கொள்ளும். சில அதிர்ச்சியிலேயே செத்து விழுந்துவிடும்.

“ஒடைக்காமெ நான் எந்த லோடும் எடுத்ததில்லீங்க” என்று கிசுகிசுத்தார். டயருக்கடியில் எலுமிச்சம்பழம் மட்டும் வைக்கலாமே என்றேன். வைத்தார், ஆனாலும் வண்டியில் ஏறவில்லை. கடைசியில் தேங்காயோடு வயலைத் தாண்டி, மோட்டார் ரூமுக்கு அப்பால் போய் மறைந்தார். பத்து நிமிடம் கழித்து வியர்க்க வியர்க்க வந்து ஸ்டியரிங்கைத் தொட்டுக் கும்பிட்டார். “பள்ளத்துக்குள்ள எறங்கி ஒடைச்சுட்டனுங்க. சாமிக்குத் தூரம் ஒரு கணக்குங்களா?”

கடைசிப் பயணி

அணையோரம் கதவைத் திறந்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தோம். பத்து மான்கள் குதித்து ஓடின. சினைமான் ஒன்று மட்டும் வரவில்லை. தட்டக் கூடாது, எட்டிப் பார்க்கவும் கூடாது. பஸ்ஸில் கடைசி ஆள் இறங்கக் காத்திருந்திருப்பீர்கள். அதை ஒன்றரை மணி நேரத்துக்கு நீட்டிக்கொள்ளுங்கள். உள்ளே செத்து விழுந்துவிட்டதோ என்று தூரத்திலிருந்தே கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒரு மூக்கு தெரிந்தது. அப்புறம் முன்னங்கால். இறங்கி, நேராகத் தண்ணீருக்குப் போய், நெடுநேரம் குடித்துவிட்டுப் புல்லுக்குள் மறைந்தது. ஆறுச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டார். “ஊட்டுக்கு வந்த சம்பந்தியாட்டம் நின்னுச்சு. போறப்ப ஒரு வார்த்தை சொல்லுச்சுங்களா பாருங்க.”

எங்கள் தொழிலில் வேலை ஒழுங்காக முடிந்ததற்கு ஒரே அடையாளம், பயணி நம்மைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போவதுதான்.