என் கழுத்தில் விழுந்த ஏலக்காய் மாலை

போடியில் நானும் அவனும் ஒரே கிளினிக்கில்தான் உட்கார்ந்திருந்தோம். கல்லூரியில் ஒன்றாகப் படித்த டாக்டர்கள். பக்கத்துப் பக்கத்து அறை. ஆனால் கூட்டமெல்லாம் அவன் வாசலில்தான் நிற்கும். எனக்கு வயிறு எரியும். காய்ச்சலோடு வந்த பிள்ளையிடம் நாடி பார்க்கும் முன்னால் எத்தனாவது படிக்கிறாய் என்று கேட்பான். வைத்தியம் பார்க்க உட்கார்ந்தவனுக்கு வாத்தியார் வேலை எதற்கு என்று பற்றிக்கொண்டு வரும்.

அவன் தேர்தலில் நின்றபோது ஊரிலேயே அதிகம் சந்தோஷப்பட்டவன் நான்தான். ஜெயித்துச் சென்னைக்குப் போய்த் தொலைந்தால், இந்தத் தெருவுக்கு டாக்டர் என்றால் நான்தானே! ஜெயித்தான். அவன் அறையையும் சேர்த்துக்கொண்டு, என் பெயர்ப்பலகையைப் பெரிதாக எழுதி மாட்டினேன்.

போனவன் சும்மா இருந்தானா? ஏலத்தோட்டத்துக்கு விடியுமுன் ஜீப் ஏறும் பெண்கள், வீட்டில் தனியே விட முடியாமல் பிள்ளைகளையும் கூட்டிப்போவார்கள். காய் எடுக்கும் மாதங்களில் வகுப்பு பாதி காலி. ஜீப் கிளம்பும் நேரத்துக்கே பள்ளிக்கூடத்தைத் திறக்க வைத்தான், காலைச் சாப்பாட்டோடு. சட்டசபையில் சண்டை போட்டு மலையடிவாரம் முழுக்க நடத்திக் காட்டினான். நல்ல காரியம்தான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கெட்ட காரியமாக இருந்தால் திட்டவாவது செய்திருக்கலாம்.

போன மாதம் அடிவாரப் பள்ளி ஒன்றில் விழா. என்னையும் மேடையேற்றினார்கள். எங்கள் பக்கம் பெரிய மனிதர் வந்தால் ஏலக்காய் மாலைதான். பிள்ளைகளின் தாய்மார்கள் கோத்துக் கொண்டுவந்திருந்தது ஒன்றே ஒன்று. அவனுக்குப் போட்டார்கள். அவன் அதைக் கழற்றி என் கழுத்தில் போட்டான்.

"நான் போனப்புறம் இந்த ஊரப் பாத்துக்கிறது இவன்தான்" என்றான் மைக்கில்.

கைத்தட்டல் அடங்க நேரமானது. அத்தனையும் கொடுத்தவனுக்கு. போட்டுக்கொண்டு நின்ற என்னை யார் பார்த்தார்கள்? கொடுப்பதிலும் ஜெயித்துவிட்டான் பாவி.

தூக்கிப் போடவும் மனம் வரவில்லை. மாலையை வண்டியிலேயே கழற்றி வைத்துவிட்டு நேராகக் கிளினிக்குக்கு வந்தேன். பக்கத்துக் கிராமம் சிலமலையிலிருந்து வரும் அம்மா ஒருத்தர் காத்திருந்தார். அவர் சர்க்கரைக்கு வருடக்கணக்காக மருந்து எழுதுகிறவன் நான்தான். பிரஷர் பார்க்கக் கையில் பட்டையைச் சுற்றினேன். என் சட்டைப் பக்கம் மூச்சை இழுத்தவர் முகம் மலர்ந்துவிட்டது.

"ஏலக்கா வாசம் வருதே. டாக்டரப் பாத்துட்டா வர்றீக, தம்பி?"

ஆமாம் என்றேன்.

"நல்லாருக்காரா?"

டாக்டர் நன்றாக இருக்கிறார் என்று சொல்லிவிட்டு, அவருக்கு மருந்து எழுத உட்கார்ந்தேன்.